காங்கேசன்துறை வேட்பாளர் கேட்ட வாக்கு

(தந்தை செல்வா நினைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்தல் மேடையைத் தமிழின நலன் கருதுவோர் பெரிதாக மதிப்பதில்லை. கொள்கையை விற்று வாக்கு வாங்கியவர்களை இந்நிலம் நிரம்பக் கண்டிருக்கிறது. கொள்கைக்காக வாக்கை இழந்தவர்களைத் தேடித்தான் காணவேண்டும். அவ்வாறு இழந்தவர் ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தார். ஈழத்துக் காங்கேசன்துறைத் தொகுதியில் 1947 முதல் 1975 வரை வேட்பாளராக நின்ற செல்வநாயகனாரே அவர். அவர் அறப்போர் செய்தவர், உடன்படிக்கைகளில் ஏமாற்றப்பட்டவர், முதுமையில் தனியரசு கேட்டவர் என்னும் அளவில் தமிழகத்தார் பலரும் அறிவர்.

ஆனால் அவர்மேல் நெடுங்காலமாக ஒரு பழி உண்டு. 'செல்வநாயகத்துக்கு மொழிக் கொள்கை இருந்தது. பொருளியல் கொள்கை இல்லை. அவர் கட்சி வழக்கறிஞர்களின் கட்சி. ஏழைக்கும் உழவனுக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் அதில் என்ன இருந்தது?' என்பது அப்பழி. கொழும்பு இடதுசாரிகள் தொடங்கிவைத்தார்கள். தமிழகத்திலும் அதனை எதிரொலித்தோர் உண்டு. மொழியைப் பேசுவோரைப் பார்த்து 'சோற்றுக்கு என்ன வழி?' என்று கேட்பது இங்கும் பழகிப்போன கேள்விதானே! ஆகவே அவர் வேட்பாளராய் நின்று எவற்றைக் கேட்டார், எவற்றுக்காகத் தோற்றார், எங்கே தயங்கினார் என்பவற்றை ஆராய்ந்து பார்ப்பது நலம்.

1947-இல் தமிழ்க் காங்கிரசு வேட்பாளராய் அவர் வென்றார். மறு ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, அங்கேயே மாளும் ஒரு தமிழன் தன்னை இலங்கைக் குடிமகன் என்று காட்டவேண்டுமானால், தன் தந்தை இலங்கையிற் பிறந்தான் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ சான்று தரவேண்டும் என்றது அச்சட்டம். வரிசை வீடுகளில் பிறந்த கூலித் தொழிலாளியின் தந்தைக்குப் பிறப்புச் சான்றை எவன் எழுதி வைத்திருந்தான்? 1949-இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களின் வாக்கையும் பறித்தது. 1947-இல் தம் பேராளர்களை நாடாளுமன்றுக்கு அனுப்பிய மலையகத் தமிழர், 1952-இல் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர்.

இவ்வேளையில் தமிழ்க் காங்கிரசுத் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் தொழில் அமைச்சராக அரசில் அமர்ந்திருந்தார். காங்கேசன்துறைச் சீமைக்காரை ஆலை (ஈழத்தார் அதனைச் சிமெந்துத் தொழிற்சாலை என்பர்), வாழைச்சேனைத் தாள் ஆலை, பரந்தன் வேதிப்பொருள் ஆலை ஆகிய மூன்றும் அவர் அமைச்சுக் காலத்தோடு இணைத்துப் பேசப்படுபவை. செல்வநாயகனாரோ கட்சியை விட்டுப் பிரிந்து, வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோருடன் 1949 திசம்பர் 18-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். (அக்கட்சிக்கு ஆங்கிலத்தில் கூட்டாட்சிக் கட்சி என்று பெயர், தமிழிலோ தமிழரசு. இரண்டு பெயர் வைத்து இரு தரப்பாரையும் ஏய்ப்பதாகச் சிங்களத் தலைவர்கள் குறைகூறினர். தமிழ்ப் பெயர்தான் உண்மைப் பெயர் என்பதைக் காலம் காட்டிற்று.)

1952 தேர்தலில் காங்கேசன்துறை வாக்காளர் முன் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கண்முன் புகைபோக்கி உயர்ந்து நின்ற ஆலை. மற்றொன்று, பல கல் தொலைவில் மலைமுகட்டில் வாக்கிழந்து நின்ற தமிழர். முன்னதைக் காட்டி வாக்குக் கேட்பது எளிது. பின்னதைக் காட்டி வாக்குக் கேட்டவர் செல்வநாயகனார். அம் மலையகத் தமிழர் ஒருவருக்கும் காங்கேசன்துறையில் வாக்கில்லை. அவர்களுக்காகப் பேசுவதால் ஒரு வாக்கும் கூடாது. ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் நடேசனிடம் அவர் தோற்றார். நாடு முழுவதிலும் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இருக்கைகள்.

தொழிலாளியின் சிக்கலைப் பேசாத கட்சி என்கிறார்களே, இலங்கைத் தீவின் ஏற்றுமதிச் செல்வத்தின் பெரும்பங்கைத் தம் முதுகில் சுமந்த தொழிலாளர் யார்? அத் தேயிலைத் தொழிலாளர் அல்லரா? அவர்களின் குடியுரிமைக்காகப் பேசித் தம் இருக்கையையே இழந்தவர்க்குத் தொழிலாளர் கொள்கை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கையில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டார்கள். அப்பங்கீட்டையும் அவர் எதிர்த்தார். பங்கிடப்பட்டவர்களை ஒரு சொல் கேட்டவர் இல்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் நீலமலைத் தேயிலைத் தோட்டங்களில் வந்திறங்கி, மீண்டும் கொழுந்து கிள்ளினர். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் செல்வோர் அவர்தம் மக்களையும் பேரர்களையும் இன்றும் காணலாம்.

இனி நிலம். இதைச் சற்று விரித்துப் பேசுவது இன்றியமையாதது. ஏனெனில் செல்வநாயகனாரின் பொருளியல் முழுவதும் நிலத்தில்தான் வேரூன்றியிருந்தது.

கிழக்கிலங்கையில் பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய ஆற்றைத் தேக்கி, 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பெற்றது. நீர் வந்தது, நிலம் விளைந்தது, ஆனால் ஆற்றின் பெயரும் மாறியது, நிலத்தில் அமர்ந்தவர்களும் மாறினர். தெற்கிலிருந்து சிங்களக் குடும்பங்கள் அரசுச் செலவில் கொணர்ந்து குடியேற்றப்பட்டன. திருக்கோணமலைப் பகுதியில் கந்தளாயிலும் அல்லையிலும் அதுவே நிகழ்ந்தது. 1921 கணக்கெடுப்பில் கிழக்கு மாகாணத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாயிருந்த சிங்களவர், 1981 கணக்கெடுப்பில் நான்கில் ஒரு பங்கினர். இயல்பான பிறப்பு இறப்பால் நேர்ந்த மாற்றமன்று இது. அணை கட்டுவது பொருளியல். அணை நீர் யார் வயலுக்குப் போகும் என்று முடிவு செய்வது அரசியல். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் கொழும்பில் இருந்தவர்கள் மட்டுமே!

1956-இல் தமிழரசுக் கட்சி பத்து இருக்கைகளை வென்றது; செல்வநாயகனார் காங்கேசன்துறையை மீட்டார். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் திருக்கோணமலை மாநாட்டில் கட்சி வகுத்த நான்கு கோரிக்கைகளை நினைவுகூருங்கள். கூட்டாட்சி, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழர்க்குக் குடியுரிமை, தமிழ் நிலத்தில் அரசுக் குடியேற்றத்தை நிறுத்தல் என்பவை அவை. நான்கில் மொழி ஒன்றே. மற்றவை ஆட்சி, உழைப்பவன், நிலம்.

1957 சூலை 26-இல் தலைமை அமைச்சர் பண்டாரநாயக்காவோடு செய்த உடன்படிக்கையை எடுத்துப் படித்தால் இது இன்னும் விளங்கும். வட்டார மன்றங்களுக்கு எவ்வெவ் வலிமைகள் வேண்டுமென்று அந்த 'மொழி வெறியர்' கேட்டார் தெரியுமா? வேளாண்மை, கூட்டுறவு, நிலமும் நிலமேம்பாடும், குடியேற்றம், கல்வி, நலவாழ்வு, தொழில்கள், மீன்வளம், வீடமைப்பு, மின்சாரம், நீர்த்திட்டம், சாலை. குடியேற்றத் திட்டங்களில் யாருக்கு நிலம் வழங்குவது, யாரை வேலைக்கு அமர்த்துவது என்பதையும் அம் மன்றங்களே முடிவு செய்யும் என்று எழுதப்பெற்றது. உழவனும் மீனவனும் கூலியும் இப்பட்டியலில் இல்லையா? பிக்குகள் தலைமை அமைச்சரின் வீட்டு வாயிலில் கூடி முழங்க, 1958 ஏப்பிரலில் அவ்வுடன்படிக்கை கிழித்தெறியப்பட்டது. கிழிந்தது தாள் மட்டுமன்று. ஒரு பொருளியல் திட்டமும்தான்.

1965 மார்ச்சு 24-இல் டட்லி சேனநாயக்காவோடு செய்த உடன்படிக்கையிலும் நிலமே நடுவிடம் பெற்றது. வடக்கு கிழக்கில் அரசு நிலம் வழங்கும்போது முதலில் அந்தந்த மாவட்டத்து நிலமற்றவர், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், அதன்பின் பிற குடிமக்கள் என்று வரிசை வகுத்தார்கள். இவ்வரிசையைக் கூர்ந்து பாருங்கள். முதலிடம் 'நிலமற்றவர்' என்பதற்குத் தரப்பட்டிருக்கிறது. சிங்கள ஏழைமேல் அவருக்குப் பகையில்லை. அவனைக் கருவியாக்கித் தமிழ் ஏழையின் வயிற்றில் அடிக்கும் அரசுமீதே பகை. அவ்வுடன்படிக்கையும் நிறைவேற்றப்படவில்லை.

அரசுப்பணி, கல்வி பற்றி மிகுதியும் விரிக்கத் தேவையில்லை. 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. குடாநாட்டில் நிலம் குறுகியது, கல் மிகுந்தது; படிப்பும் அரசு அலுவலுமே நடுத்தரக் குடும்பத்தின் உலை கொதிக்கும் வழி. அலுவலகத்தின் மொழி மாறிய நாளில் அவ்வுலை அவிந்தது. 1971-இல் பல்கலைக்கழக மருத்துவக் கல்விக்குத் தமிழ் மாணவன் 400-க்கு 250 மதிப்பெண் பெறவேண்டும், சிங்கள மாணவனுக்கு 229 போதும் என்னும் நிலை வந்தது. மொழியும் சோறும் வேறு வேறு என்போர், அந்த 21 மதிப்பெண்ணை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

1972 மே 22-இல் புதிய குடியரசு அமைப்பு நடைமுறைக்கு வந்தது. சிங்களமே ஆட்சிமொழி, புத்த சமயத்துக்கே முதன்மை என்று எழுதி, சிறுபான்மையோர்க்குப் பழைய அமைப்பில் இருந்த 29-ஆம் பிரிவுப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் செல்வநாயகனார் தம் இருக்கையைத் துறந்தார். 'இவ்வமைப்பைத் தமிழர் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்கிறீர்களே, என் தொகுதியில் வேட்பாளரை நிறுத்திக் கேளுங்கள்' என்பதே அவர் விடுத்த அறைகூவலின் பொருள். அரசு உடனே கேட்கவில்லை. இரண்டு ஆண்டும் நான்கு திங்களும் இடைத்தேர்தலைத் தள்ளிப்போட்டது.

1975 பிப்பிரவரி 6-இல் வாக்கெடுப்பு வந்தபோது அவருக்கு அகவை 76. நடுக்குநோயால் உடல் தளர்ந்து, குரல் மெலிந்து, செவியும் மங்கியிருந்தது. எதிர்த்து நின்றவர் பொதுவுடைமைக் கட்சியின் வி. பொன்னம்பலம். அரசின் முழு வலிமையும் அவர் பின்னால் நின்றது. அவரை எளியவராய் எண்ணிவிடக்கூடாது. நல்ல பேச்சாளர், தாழ்த்தப்பட்ட மக்களின் பக்கம் நின்றவர், தனிவாழ்வில் குறைசொல்ல இடமில்லாதவர். அவர் கையில் உண்மையான பொருளியல் படைக்கலம் ஒன்றும் இருந்தது.

அது வெங்காயமும் மிளகாயும். அன்றைய அரசு அயல்நாட்டிலிருந்து வரும் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. அதனால் வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த சின்ன வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் என்றுமில்லா விலை கிடைத்தது. ஓலைக்குடில் இருந்த இடத்தில் கல்வீடு எழும்பியது. கிணற்றுத் துலாவுக்கு மாற்றாக நீரிறைக்கும் பொறி வந்தது. 'உங்களுக்கு இவ்வளவு செய்த அரசுக்கு எதிராகவா வாக்களிப்பீர்கள்?' என்று கேட்க அரசுத் தரப்பினர்க்கு இடமிருந்தது. தமிழகத்துத் தேர்தல்களில் இதனினும் சிறிய நன்மைக்கு எத்தனை தொகுதிகள் கைமாறியிருக்கின்றன!

காங்கேசன்துறை உழவர்கள் வெங்காயம் விற்ற பணத்தை மடியில் வைத்துக்கொண்டே செல்வநாயகனாருக்கு வாக்களித்தார்கள். அவருக்கு 25,927, எதிர்த்தவர்க்கு 9,457. வேறுபாடு 16,470.

இதை நன்றி கெட்ட செயல் என்று கொழும்பு எண்ணியிருக்கலாம். ஆனால் அவ்வுழவனின் கணக்கு வேறு. தோட்டத்தில் விலை கூடிற்று. மகனுக்கோ பல்கலைக்கழகக் கதவு மூடிற்று. மடியில் பணம் வந்தது. வன்னியிலும் கிழக்கிலும் வாங்கிப் பயிரிடவேண்டிய நிலம் பிறர்க்குப் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விலை அவன் கையில் இல்லை. கொழும்பு அமைச்சரின் எழுதுகோல் முனையில் இருந்தது. இஃது எத்துணை உண்மை என்பதை இரண்டே ஆண்டில் கண்டார்கள். 1977-இல் வந்த புதிய அரசு இறக்குமதிக் கதவை அகலத் திறந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து குவிய, குடாநாட்டு உழவரின் விலை சரிந்தது. அவர்களைக் கேட்டு முன்னைய அரசு கதவை அடைக்கவுமில்லை. அவர்களைக் கேட்டுப் பின்னைய அரசு திறக்கவுமில்லை. தன் விளைச்சலுக்குத் தானே காவல்வைக்க இயலாத இனத்தின் செழிப்பு, இரவல் நகை போன்றது. 1957 உடன்படிக்கையில் வேளாண்மையையும் நிலத்தையும் தமிழர் மன்றத்திடம் கேட்டவர்க்குப் பொருளியல் தெரியாதாம்!

இனி, அவரை வாழ்த்துவதற்கென்றே கூடிய அவையிலும் மறைக்காமற் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அது சாதி.

தீண்டாமை ஒழிப்பு தமிழரசுக் கட்சியின் கொள்கைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுள் ஒருவரான நல்லையாவை மேலவைக்கு அனுப்பியதும் அக்கட்சியே. 1957-இல் குமுகாயக் குறைபாடுகள் தடைச் சட்டமும் நாடாளுமன்றில் நிறைவேறியிருந்தது. ஆனால் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவிலின் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கேட்டு நின்றபோது, அக்கட்சியின் குரல் உரத்து எழவில்லை. அக்கோவில் எங்கோ இருக்கவில்லை. காங்கேசன்துறைக்கு அருகிலேயே இருந்தது. அவ்வாயிலை மறித்து நின்றோர்க்குத் தலைமை தாங்கியவர் சுந்தரலிங்கம். தமிழர்க்குத் தனிநாடு வேண்டுமென்று செல்வநாயகனார்க்கும் முன்பே முழங்கியவர் அவர்தாம்! நாடு வேண்டும், ஆனால் அந்நாட்டின் கோவிலுக்குள் தமிழருள் ஒரு பகுதியார் நுழையக்கூடாது என்பது எத்தகைய நாட்டுப்பற்று?

செல்வநாயகனார் அவ்விழிவுக்குத் துணைபோகவில்லை. ஆயினும் கிறித்தவராகிய தாம் சிவநெறியாரின் கோவில் வழக்கில் தலையிடுவதா என்னும் தயக்கமும், ஒன்றுபட்டு நிற்கவேண்டிய இனம் பிளவுபடுமே என்னும் அச்சமும் அவரைக் கட்டின என்பர். மலையகத் தமிழர்க்காக இருக்கையை இழக்க அஞ்சாதவர், தம் தொகுதியின் கோவில் வாயிலில் அந்த அஞ்சாமையைக் காட்டவில்லை. எதிர்த்து நின்ற பொன்னம்பலத்தின் வலிமை இவ்விடத்தில்தான் இருந்தது. அவர் பெற்ற 9,457 வாக்குகளை வெறும் அரசுச் செல்வாக்கின் விளைவு என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. (அதே பொன்னம்பலம் பின்னாளில் தம் கட்சியை விட்டு விலகிச் செந்தமிழர் இயக்கம் கண்டார் என்பதும் குறிக்கத்தக்கது.)

அத்தயக்கம் இறுதிவரை நீடிக்கவில்லை என்பது ஆறுதல். 1976 மே 14-இல், அவர் தலைமையில், தமிழர் விடுதலைக் கூட்டணி வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. தமிழீழம் என்னும் சொல்லை மட்டும் அத்தீர்மானத்திலிருந்து பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அடுத்துள்ள கூறுகளைப் படிப்பதில்லை. அமையவிருக்கும் அரசில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை எவ்வடிவில் இருந்தாலும் சட்டப்படி ஒறுக்கப்படும் என்கிறது அது. எச்சமயத்துக்கும் தனிச்சிறப்பில்லை என்கிறது. மனிதனை மனிதன் சுரண்டக்கூடாது, விளைப்புக் கருவிகள் பொதுவுடைமைக்கும் அரசுக் கட்டுப்பாட்டுக்கும் உட்படும், தனியாரும் சட்டம் வகுத்த எல்லைக்குள் தொழில் செய்யலாம், ஒரு குடும்பம் சேர்க்கத்தக்க செல்வத்துக்கும் உச்ச அளவு உண்டு என்கிறது. தமிழே ஆட்சிமொழி, அங்கு வாழும் சிங்களவர்க்கு அவர்தம் மொழியிற் கல்வியும் அலுவலும் உண்டு, அதேபோல் சிங்கள நாட்டில் தமிழர்க்கும் வேண்டும் என்கிறது. இலங்கையின் எப்பகுதியில் வாழும் தமிழ் பேசுவோரும் விரும்பினால் அதன் குடிமக்களாகலாம் என்கிறது. 1952-இல் அவரைத் தோற்கடித்த அதே மலையகக் கேள்வி, 24 ஆண்டு கழித்து, தீர்மானத்தின் கூறாகவே எழுந்து நின்றது.

தீர்மானத்தின்மேல் மக்கள் தீர்ப்புச் சொல்லும் நாளைக் காண அவர் இருக்கவில்லை. 1977 ஏப்பிரல் 26-இல் மறைந்தார். அவ்வாண்டு சூலை 21 தேர்தலில் கூட்டணி 18 இருக்கைகளை வென்றது. காங்கேசன்துறையில் அமிர்தலிங்கம் வென்றார். உடுப்பிட்டியில் தாழ்த்தப்பட்ட மக்களுள் ஒருவராகிய இராசலிங்கத்தைக் கூட்டணி நிறுத்தியது, அவரும் வென்றார். மாவிட்டபுரத்தில் எழாத குரல், ஒன்பது ஆண்டு கழித்து, உடுப்பிட்டி வாக்குப்பெட்டியில் ஒருவாறு எழுந்தது.

அதன்பின் அத்தொகுதிக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடவேண்டும். 1978 அரசமைப்பு விகிதமுறைத் தேர்தலைக் கொணர்ந்து, காங்கேசன்துறைத் தொகுதியை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கரைத்தது. 1983-இன் ஆறாம் திருத்தம் தனியரசு கேட்பதையே குற்றமாக்கிற்று. 1975-இல் அம்முதியவர் கேட்ட வாக்கை இன்று அங்கே எந்த வேட்பாளரும் வாய்திறந்து கேட்க இயலாது. 1990 போரில் சீமைக்காரை ஆலை நின்றுபோயிற்று; வலிகாமம் வடக்கின் மக்கள் ஊர்விட்டு வெளியேற்றப்பட்டனர். வெங்காயமும் மிளகாயும் விளைந்த அச்செம்மண்ணின் பெரும்பகுதி படைத்துறையின் காவல் வேலிக்குள் சென்றது. 2009-க்குப் பின் பகுதி பகுதியாய் விடுவித்தார்கள். இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உள்ளன. அவற்றுக்கு உரியவர்கள், பாட்டன் பெயரில் எழுதிய நில உறுதிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வேலிக்கு இப்பால் காத்திருக்கிறார்கள்.